ரிசர்வாயர் ஹில்ஸில் ஓப்பன் வாரம்

புதன், ஜூலை 14, 2010

டர்பன் கிங் ஷாகா விமான நிலையத்தில் இன்னும் புது வாசம் போகவில்லை. மே மாதம்தான் திறந்தார்கள். உலகக் கோப்பைக் கால்பந்து ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிட்டது. கொடிகளும் பதாகைகளும் அப்படியே தொங்குகின்றன, ஆள்தான் இல்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபத்துக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

அழைத்துப் போக வந்த நண்பர் சில வருஷம் சென்னையில் என்னோடு வேலை பார்த்தவர். டர்பனிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். "மலை, சிங்கம், யானை எல்லாம் அடுத்த தடவை. இந்த வாரம் நம்ம வீட்ல டிவிதான்" என்று பெட்டியை டிக்கியில் வைக்கும்போதே சொல்லிவிட்டார். நாளை ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓப்பன் என்ற பெரிய கோல்ஃப் போட்டி தொடங்குகிறது. அதைத் தெரிந்துகொண்டுதான் நானும் இந்த வாரமாகப் பார்த்து லீவு போட்டேன். எனவே புகார் எதுவும் இல்லை.

வீடு ரிசர்வாயர் ஹில்ஸில். பெயருக்கேற்ற மேடு. கீழே உம்கேனி ஆறு. நண்பரின் அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ், தெளிவாகப் பேசுகிறார். சின்ன வயதில் கோல்ஃப் மைதானங்களில் பை தூக்கும் கேடி வேலை பார்த்தவர். நான் அவரை அங்கிள் என்கிறேன், அவர் என்னைத் தம்பி என்கிறார். பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான்; தாத்தா, ஆயா (பாட்டி), தண்ணி என்று சில சொற்கள் மட்டும் நடுவில் வந்து விழுகின்றன.

வியாழன், ஜூலை 15

காலையில் ஊர் சுற்றினோம். முதலில் கிரேவில் குதிரைப் பந்தய மைதானம். வருஷா வருஷம் ஜூலை முதல் சனிக்கிழமை நடக்கும் பெரிய பந்தயத்தை இந்தத் தடவை கால்பந்துக்காக மாதக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். ஓட்டப் பாதைக்கு நடுவில் இருக்கும் புல்வெளிதான் ராயல் டர்பன் கோல்ஃப் கிளப். நம் கிண்டியிலும் ரேஸ்கோர்ஸுக்கு உள்ளேதான் கோல்ஃப் மைதானம் போட்டார்கள். இரண்டு ஊரிலும் வெள்ளைக்காரர் ஒரே யோசனையில் இருந்திருக்கிறார்.

இந்த இடம் தாழ்வானது. 1919-இல் தென்னாப்பிரிக்க ஓப்பன் இங்கே நடந்தபோது மழையில் தண்ணீர் தேங்கி ஆட்டமே நாறிப்போனது. அந்தக் கடுப்பில்தான் கடற்கரையோரம் மணல்மேட்டின் மேல் வேறொரு மைதானம் போட்டார்கள். அது 1922-இல் திறந்த டர்பன் கன்ட்ரி கிளப். மோசஸ் மபிடா ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வேலிக்கு வெளியில் இருந்து பார்த்தாலே தரை அலை அலையாக ஏறி இறங்குவது தெரிகிறது. நேராக நின்று அடிக்க ஒரு சமதளம் கிடைப்பது அரிது.

மதியம் கிரே தெருவுக்குப் போனோம். பலகையில் இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ தெரு என்று இருக்கிறது, வாயில் வருவதெல்லாம் கிரே தெருதான். அங்கே பன்னி சாவ் சாப்பிட்டோம். கால் ரொட்டியின் உள்பக்கத்தைத் தோண்டி எடுத்துவிட்டு, குழியில் ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றி, தோண்டிய பஞ்சையே மூடியாக வைத்துத் தருகிறார்கள். பக்கத்தில் காரட் சம்பல். கரண்டி கேட்டால் சிரிக்கிறார்கள். இது எப்படி வந்தது என்பதற்கு ஊரில் நாலைந்து கதைகள். அதில் ஒன்று கோல்ஃப் கதை: ராயல் டர்பனில் பை தூக்கிய இந்தியக் கேடிகளுக்கு மதியச் சாப்பாட்டை எடுத்துப்போக வழியில்லை, ரொட்டியே பாத்திரமானது. அங்கிள் இந்தக் கதையைத்தான் நம்புகிறார். அவர் கட்சிக்காரர், நம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வீடு திரும்பியபோது ஹாலில் கூட்டம் சேர்ந்திருந்தது. தெருமுனையில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நண்பரின் மாமா, அங்கிளோடு பழைய நாளில் பை தூக்கிய இன்னொருவர். செயின்ட் ஆண்ட்ரூஸ் நேரம் இங்கே விட ஒரு மணி பின்னால், அதனால் காலையில் இருந்து ராத்திரி வரை ஆட்டம் ஓடுகிறது. வட அயர்லாந்துப் பையன் ரோரி மெக்கில்ராய், வயது 21, பதினெட்டுக் குழிச் சுற்றை 63 அடியில் முடித்துவிட்டான். கோல்ஃபில் அடி குறையக் குறைய நல்லது. மேஜர் என்னும் நான்கு பெரிய போட்டிகளில் இந்த நாள் வரை இதற்குக் கீழே யாரும் போனதில்லை. தென்னாப்பிரிக்கப் பையன் லூயி உஸ்ட்ஹெய்சன் 65, இரண்டாமிடம். அடுத்து ஜான் டேலி 66, அவர் போட்டிருந்த கால்சட்டையைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம்.

"மெக்கில்ராய்தான்" என்றார் மாமா. "வெஸ்ட்வுட்" என்றார் ஆசிரியர். நண்பர் டைகர் உட்ஸ் பக்தர்: 67 ஒன்றும் மோசமில்லை, 2000, 2005 என்று இதே மைதானத்தில் இரண்டு தடவை ஜெயித்தவர், ஆனால் இந்த வாரம் பார்த்துப் புது பட்டரை (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) ஏன் கையில் எடுத்தார் என்பது மட்டும் அவருக்குப் புரியவில்லை. லூயி பெயரை யாருமே எடுக்கவில்லை. மார்ச் மாதம் ஸ்பெயினில் ஒரு பட்டம் ஜெயித்ததைத் தவிர ஐரோப்பாவில் பெரிதாக ஒன்றுமில்லையே என்பது பொதுக் கருத்து.

அங்கிள் மட்டும் கேட்டார்: "நாளைக்கு மெக்கில்ராய் எத்தனை மணிக்கு ஆடறான்?"

வெள்ளி, ஜூலை 16

அந்தக் கேள்வியின் விஷயம் இன்று பிற்பகல்தான் விளங்கியது.

ஓப்பனில் முதல் நாள் காலையில் ஆடியவர் மறுநாள் பிற்பகலில் ஆட வேண்டும், பிற்பகலில் ஆடியவர் மறுநாள் காலையில். யாருக்கு எந்த நேரம் என்று முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள். ஸ்காட்லாந்துக் கடற்கரையில் காலையும் மாலையும் ஒரே நாளாக இருப்பதில்லை. லூயி இன்று முதல் ஆட்களில் ஒருவராக இறங்கி, ஈரக் காலையில் 67 அடித்து, நாங்கள் சாப்பிட உட்கார்வதற்குள் முடித்துவிட்டார். மொத்தம் 132, அதாவது மைதானத்துக்கு வகுத்த கணக்கைவிட 12 அடி குறைவு, 12 அண்டர். நண்பரின் சின்ன மகன் உலகக் கோப்பையில் மிஞ்சிய வுவுசெலாவை எடுத்து ஊதினான். ஆயா பிடுங்கி அலமாரி மேல் வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை இந்த வீட்டில் கறி கிடையாது. பூஜை முடித்து, சுகர் பீன்ஸ் குழம்பும் ரொட்டியும் தட்டில் வந்தபோது மணி மூன்றரை இருக்கும். டிவியில் காற்று வந்துவிட்டது.

எல்லாரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அங்கிள் பந்தைப் பார்ப்பதே இல்லை. "கால்சட்டையைப் பாரு தம்பி" என்றார். முதலில் எனக்குப் பிடிபடவில்லை. ஆட்டக்காரர் குனிந்து நிற்கும்போது முழங்காலுக்குக் கீழே துணி எந்தப் பக்கம் ஒட்டுகிறது, எந்தப் பக்கம் படபடக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். கொடி, குழி இருக்கும் இடத்துக் காற்றைச் சொல்லும். கால்சட்டை, அடிக்கிறவன் நிற்கும் இடத்துக் காற்றைச் சொல்லும். இரண்டும் ஒரே பக்கம் காட்டினால் கணக்கு சுலபம். காட்டாவிட்டால் கேடி சம்பளத்துக்கு வேலை செய்ய வேண்டியதுதான். டர்பனின் பீச்வுட் மைதானத்தில் பை தூக்கிய காலத்தில் இப்படித்தான் பார்த்தாராம். டர்பனில் வடகிழக்குக் காற்று ஒழுங்கானது, சொல்லிவிட்டு வரும். தென்மேற்குதான் பொல்லாதது. திடீரென்று மரத்தில் இலை அசையாது, புழுக்கம் ஏறும், அப்புறம் ஒரே வீச்சாக வந்து குளிரையும் மழையையும் கொட்டும். "அந்தப் புழுக்கத்துல பெரிய கட்டை கேட்டா, கேடி சின்னதக் குடுக்கணும். திட்டுவான். அஞ்சு நிமிஷம் கழிச்சு நன்றி சொல்வான். பாதிப் பேர் அதையும் சொல்ல மாட்டான்."

மெக்கில்ராய் அப்போதுதான் ஆட இறங்கியிருந்தான். நேற்று அவன் ஆடிய காலையில் கொடிகள் சும்மா தொங்கின, இன்று கொடிக்கம்பமே வளைகிறது. அதைவிடக் கொடுமை, குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய கிரீன்களில். செயின்ட் ஆண்ட்ரூஸில் பல கிரீன்கள் இரண்டு ஹோல்களுக்குப் பொது, ஒவ்வொன்றும் ஒரு விளையாட்டுத் திடல் அளவு, மேலே ஒரு மரம்கூட இல்லை. காற்று தடையில்லாமல் ஓடுகிறது. வைத்த இடத்தில் பந்து நிற்கவில்லை. மட்டையைத் தரையில் ஊன்றி நின்ற பிறகு பந்து அசைந்துவிட்டால், காற்றே தள்ளியிருந்தாலும் ஆட்டக்காரர் கணக்கில் ஒரு அடி தண்டம் என்பது இந்த 2010-இல் இருக்கும் விதி. அதனால் ஒவ்வொருவரும் மட்டையைப் புல்லில் படாமல் தூக்கிப் பிடித்து, பந்து நடுங்குவதைப் பார்த்து, விலகி, மறுபடி வந்து நிற்கிறார்கள். பார்க்கவே நமக்குக் கை நடுங்குகிறது.

எங்கள் நேரம் நாலு மணி ஆகும் முன்னே ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். மழை இல்லை, மின்னல் இல்லை, வெறும் காற்றுக்காக. ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஒன்றும் நடக்கவில்லை.

டிவியில் ஒன்றும் இல்லை என்றால் ஹாலில் எல்லாம் நடக்கும். டீ வந்தது. ஆசிரியர் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். முதல் ஓப்பன் 1860 அக்டோபர் 17-இல், ஸ்காட்லாந்தின் பிரஸ்ட்விக்கில், எட்டே பேர் ஆடினார்கள். கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தம் போட்ட நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் மதராஸை விட்டுக் கிளம்பியது அதே அக்டோபரில்தான். டர்பன் துறைமுகத்துக்கு வந்தது நவம்பர் 16. "அங்க எட்டுப் பேர் பந்து அடிச்ச அன்னைக்கு நம்ம பாட்டன் பூட்டன் நடுக்கடல்ல வாந்தி எடுத்துட்டு இருந்தான்." இரண்டுக்கும் இந்த வருஷம் 150. அங்கே விழா எடுக்கிறார்கள், இங்கே நவம்பரில் எடுப்பார்கள். இதை எந்த டிவிக்காரரும் சொல்லவில்லை.

அப்புறம் சண்டை தொடங்கியது. மெக்கில்ராய்க்கு இது அநியாயம் என்றார் மாமா. காலை ஆடியவனுக்கு ஒரு மைதானம், மாலை ஆடியவனுக்கு வேறொரு மைதானம், இதில் யார் பெரியவன் என்று எப்படிச் சொல்வது? நான்கூட அந்தப் பக்கம்தான் சாய்ந்தேன். ஆசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை. காற்று எல்லாருக்கும் ஒருநாள் வரும், லூயியும் நேற்றுக் காலை அமைதியில் ஆடியவனில்லையே என்றார். அங்கிளின் பழைய கூட்டாளி நடுவில் புகுந்து, காலை நேரம் கிடைத்த ஆட்கள் எத்தனையோ பேர், அத்தனை பேருமா 67 அடித்தார்கள் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு மாமாவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. நேரம் கதவைத் திறந்து வைக்கும், உள்ளே போவது ஆட்டக்காரன் கையில் என்று எனக்கும் பட்டது.

மறுபடி ஆட்டம் தொடங்கியது. மெக்கில்ராய் 80-இல் முடித்தான். நேற்று 63. டைகர் 73. வெஸ்ட்வுட் 71 அடித்துத் தாக்குப்பிடித்துவிட்டார், ஆசிரியர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். இரண்டாமிடத்தில் ஐம்பது வயது மார்க் கல்கவெக்கியா, லூயிக்கு ஐந்து அடி பின்னால். வெஸ்ட்வுட்டும் பால் கேசியும் ஆறு அடி பின்னால்.

பாதி ஆட்டத்தில் ஐந்து அடி முன்னிலை போதுமா? போன மாதம் அமெரிக்க ஓப்பனில் டஸ்டின் ஜான்சன் மூன்று அடி முன்னிலையோடு கடைசி நாள் இறங்கி 82 அடித்ததை நண்பர் ஞாபகப்படுத்தினார். 1996 மாஸ்டர்ஸில் கிரெக் நார்மன் ஆறு அடி முன்னிலையைத் தொலைத்ததை ஆசிரியர் எடுத்துவிட்டார். முன்னே இருப்பவன் விழுந்த கதை எல்லாருக்கும் மனப்பாடம். விழாமல் ஜெயித்த கதைகளை யாரும் சேர்த்துவைப்பதில்லை.

அங்கிள் சொன்னது வேறு. "லூயிய விடு. பக்கத்துல பை தூக்கிட்டு நடக்கறானே, அவனப் பாரு." ஸாக் ரசேகோ, லூயிக்குப் பல வருஷமாக கேடி, கறுப்பினத்தவர். இருவரும் நடக்கும் வேகத்தைப் பார்க்கச் சொன்னார். நல்ல ஷாட்டுக்கும் கெட்ட ஷாட்டுக்கும் நடை மாறவே இல்லை. கேடி வேகமாக நடந்தால் ஆட்டக்காரன் அவசரப்படுவான், கேடி பின்தங்கினால் ஆட்டக்காரன் யோசிக்கத் தொடங்குவான். "இவன் ரெண்டும் பண்ணல. பையன் ஜெயிப்பான்" என்று முடித்துவிட்டார்.

டாம் வாட்சன் கடைசி ஹோலில் இருக்கும் பழைய கல்பாலமான ஸ்வில்கன் பாலத்தில் நின்றபோது எங்களுக்கு மணி பதினொன்றை நெருங்கியிருந்தது. ஐந்து தடவை ஓப்பன் ஜெயித்தவர், போன வருஷம் 59 வயதில், சமன் ஆனால் ஆடும் பிளேஆஃப் வரை போனவர். இந்தத் தடவை, பின்தங்கியவர்களைப் பாதியில் கழித்துவிடும் கட் எல்லையைத் தாண்டவில்லை. அங்கே ஏறக்குறைய இருட்டிவிட்டது. பிள்ளைகள் எல்லாம் தூங்கிப்போயிருந்தார்கள்.

சனி, ஜூலை 17

இன்று ஆடி ஒன்று. டர்பனில் ஆடி என்றால் அம்மனுக்குக் கூழ். மாதம் முழுவதும் கோயில்களிலும் வீடுகளிலும் முறை வைத்து ஊற்றுவார்கள். இவர்கள் குடும்பத்து முறை நாளை. ஆயா காலையிலேயே பானைகளைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

ஆட்கள் ஒழியட்டும் என்று அங்கிள் என்னை மேட்டில் இருந்து கீழே நடத்திப் போனார். உம்கேனி ஆற்றோரம் நகராட்சி கோல்ஃப் மைதானம். பெயர் பாப்வா செகோலம். இந்தப் பெயரைத் தெரியாமல் டர்பனில் கோல்ஃப் பேசுவது வீண்.

செவ்சங்கர் செகோலம், பாப்வா என்று கூப்பிடுவார்கள். டர்பன் இந்தியர், கேடியாகத் தொடங்கியவர். எழுதப் படிக்கத் தெரியாது. 1959, 1960, 1964 என்று மூன்று தடவை டச்சு ஓப்பன் ஜெயித்தார். அவர் மட்டையைப் பிடிக்கும் முறை அநேகமாக யாரும் பிடிக்காத முறை. அங்கிள் தன் குடையைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். வலதுகைக்காரர் எல்லாரும் இடது கையை மேலே வைத்து வலதைக் கீழே வைப்பார்கள். பாப்வாவுக்கு வலது மேலே, இடது கீழே. நான் பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குடை பாதியிலேயே நின்றுவிடுகிறது. "எனக்கும் வராது. இந்தக் கையிலதான் அவர் நாட்டால் ஓப்பன் அடிச்சார்" என்றார்.

1963-இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நாட்டால் மாகாணத்து ஓப்பன் போட்டி. வெள்ளையரோடு ஆட அவருக்கு அனுமதி கிடைத்தது, கிளப் கட்டடத்துக்குள் நுழைய இல்லை. அவரே ஜெயித்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் உள்ளே இருக்க, கோப்பையை வெளியில் மழையில் நிற்கவைத்துக் கொடுத்தார்கள். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. 1965-இல் தென்னாப்பிரிக்காவின் பெரிய ஆட்டக்காரர் கேரி பிளேயரையே முந்தி மறுபடியும் அதே பட்டம். அப்புறம் பெரிய போட்டிகளின் வாசலையே அவருக்கு மூடிவிட்டார்கள். 1978-இல் இறந்தார்.

நேற்று நாங்கள் காலை நேரம், மாலை நேரம், எது நியாயம் என்று தொண்டை வறண்டதை நினைத்துக்கொண்டேன். அங்கிள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "மழையில நல்லா ஆடுவார். பிடி வழுக்காது அவருக்கு" என்று ஆட்டத்தைப் பற்றி மட்டும் சொன்னார்.

மூன்றாம் சுற்றுக்கு ஹால் நிறைந்துவிட்டது. காற்று குறைவு. முதல் ஹோலிலேயே லூயி ஒரு போகி, கணக்குக்கு மேல் ஒரு அடி. முன்னால் ஆடிக்கொண்டிருந்த கேசி நெருங்கி வந்தார். நண்பர் என்னைப் பார்த்து "பாத்தீங்களா, டஸ்டின் ஜான்சன்" என்றார். அங்கிள் ரசேகோவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நடை மாறவில்லை. கொஞ்ச நேரத்தில் லூயிக்கு, கணக்குக்கு ஒரு அடி குறைவான பேர்டிகள் வரத் தொடங்கின. கடைசியில் 69. கேசி 67 அடித்தும் நாலு அடி பின்னால்தான். மூன்றாவது மார்ட்டின் கைமர், அவர் ஏழு அடி பின்னால். கல்கவெக்கியா 77 அடித்துக் கீழே போய்விட்டார். டைகர் இன்றும் 73. நண்பர் புது பட்டரின் மேல் பழியைப் போட்டார்.

ஆசிரியர் மட்டும் வெஸ்ட்வுட்டை விடவில்லை. எட்டு அடி பின்னால் இருக்கிறாரே என்றால், "கெண்டைக்கால் வலியோட ஆடறார்யா மனுஷன்" என்கிறார். அது எப்படி எட்டு அடியை ஈடுகட்டும் என்று கேட்டதற்கு எழுந்து செருப்பைத் தேடினார்.

நாளை மண்டேலாவின் பிறந்த நாள். ஊரில் எல்லாரும் 67 நிமிஷம் ஏதாவது பொது வேலை செய்ய வேண்டும் என்கிறார்கள், அவர் பொது வாழ்வில் கழித்த 67 வருஷத்துக்காக. அங்கிள் அதைக் கூழ் ஊற்றுவதில் கழித்துக்கொள்வாராம். கோயிலில் ஊற்றி முடித்து, பானையைக் கழுவிக் கவிழ்த்தால் லூயியும் கேசியும் இறங்கும் நேரத்துக்கு வீட்டில் இருக்கலாம் என்று ஆயாவிடம் நேரம் பேசிக்கொண்டிருந்தார். ஆயா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

எனக்கு நாளை சாயங்காலம் துபாய் விமானம். கடைசி ஒன்பது ஹோல் ஓடும்போது கிங் ஷாகாவில் உட்கார்ந்திருப்பேன். ஹோலுக்கு ஹோல் எஸ்எம்எஸ் அனுப்புவதாக நண்பர் சொன்னார். அங்கிள் உள்ளே இருந்து குரல் கொடுத்தார்: "ஸ்கோர் மட்டும் அனுப்பாதே. காத்து எந்தப் பக்கம்னும் சேத்து அனுப்பு."